விசிடி ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பழைய விசிடி (சிடியில் பதிந்த வீடியோ) சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் காதில் விழும் முதல் பேச்சு "அந்த சிடி போயிடுச்சுங்க" என்பதுதான். பெரும்பாலும் சிடி போயிருக்காது. லென்ஸில் புகை படிந்திருக்கும், டிவியில் ஏதாவது செட்டிங் மாறியிருக்கும், இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு அந்த சிடியைப் படிக்கத் தெரிந்திருக்காது. அவசரப்பட்டுக் குப்பையில் போட்டுவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

சினிமாப் படங்களுக்காக நான் அவ்வளவு பதறமாட்டேன். மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி விற்ற காலத்தில் வீட்டுக்கு வீடு படங்கள் குவிந்தன. ஒரு பிரதி போனால் தேடிப் பார்த்து இன்னொன்று வாங்கிவிடலாம். என் கவலையெல்லாம் மற்றவற்றைப் பற்றி. சிறு ஊர் ஸ்டுடியோக்கள் கொஞ்சமாகப் போட்டு விற்ற இசை நாடகம், வில்லுப்பாட்டு, கரகாட்டம், கோயில் கொடை, பட்டிமன்றம். பிறகு கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ. இவற்றில் பலவற்றுக்கு மூல கேசட் என்று ஒன்று இன்று இல்லை. கையில் இருக்கும் வட்டுதான் மூலம். ஆகவே கீழே எந்த அறிகுறிக்கு என்ன செய்தாலும் ஒரு வரிசை மாறக்கூடாது: முதலில் பிளேயரைச் சந்தேகப்படுங்கள், பிறகு காப்பி எடுங்கள், கடைசியில்தான் சிடியின் மேல் கை வையுங்கள்.

தொடங்கும்முன் மூன்று வட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள்: நன்றாக ஓடுகிற ஒரு கம்பெனி விசிடி (கம்ப்யூட்டரில் ரைட் செய்யாமல், கம்பெனி அச்சிட்டு விற்றது), ஒரு கம்பெனி ஆடியோ சிடி, ஒரு டிவிடி. எந்தச் சோதனைக்கும் இவைதான் அளவுகோல்.

எந்த சிடி போட்டாலும் 'நோ டிஸ்க்' என்கிறது

டிவிடி பிளேயர் என்றால் முதலில் டிவிடியைப் போட்டுப் பாருங்கள். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர். ஒரே ஹெட்டில் (லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகம்) இரண்டும் இருக்கும். ஆனால் ஒன்று தேய்ந்தாலும் மற்றது வேலை செய்யும். டிவிடி ஜோராக ஓடி, ஆடியோ சிடியும் விசிடியும் மட்டும் ஓடாவிட்டால் சிடி லேசர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இது தெரியாமல், "டிவிடி ஓடுதே, அப்ப பிளேயர் சரிதான்" என்று மொத்த விசிடி சேகரிப்பையே பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

இரண்டுமே ஓடவில்லை என்றால் லென்ஸைத் துடைக்க வேண்டும். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே சாமி படம் இருந்து ஊதுபத்தி, கற்பூரம் ஏற்றுகிற வீடுகளிலும், சமையலறைத் தாளிப்புப் புகை வருகிற வீடுகளிலும் லென்ஸில் எண்ணெய்ப் பசையோடு மெல்லிய படலம் படியும். வெறும் காற்று ஊதினால் அது போகாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றி, பஞ்சுக் குச்சியின் நுனியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிறிதளவு தொட்டு, அழுத்தாமல் இரண்டு சுற்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் அதோடு முடிந்தது. மூடி திறந்திருக்கும்போது பிளேயரை ஆன் செய்து லென்ஸை உற்றுப் பார்க்காதீர்கள். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், ஆனால் விழித்திரைக்குக் கெடுதல்.

துடைத்தும் பலனில்லை என்றால் ஹெட் மாற்ற வேண்டியதுதான். சென்னை ரிச்சி தெருவில் விசிடி பிளேயர்களுக்கான கேஎஸ்எஸ்-213 வகை ஹெட்டைக் கேட்டுப் பார்க்கலாம். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். புது ஹெட் பலவற்றில் லேசர் டயோடை நிலைமின்சாரத்திலிருந்து காக்க ஒரு சொட்டு சால்டரால் இணைத்து அனுப்பியிருப்பார்கள். மாட்டியபின் அந்தச் சொட்டை எடுத்தால்தான் லேசர் எரியும். அதை எடுக்காமல் "புது ஹெட்டும் டூப்ளிகேட்" என்று திட்டுவது நியாயமில்லை.

டிரே திறக்கவில்லை, அல்லது பாதி வந்து திரும்புகிறது

ரப்பர் பெல்ட். தொய்ந்திருக்கும் அல்லது வழவழப்பாகியிருக்கும். சிறிய பெல்ட்தான், விலையும் சொற்பம்.

டிஸ்ப்ளே மங்கி, தானாக அணைந்து அணைந்து எரிகிறது

பவர் சப்ளை போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். இதை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கும் இடத்தில் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது, நின்று நின்று ஓடுகிறது

விசிடியின் தலையாய நோய் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே சிடியை இரண்டு முறை ஓட்டி, உடையும் நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் அதே நிமிடத்தில் உடைந்தால் குறை சிடியில். ஒருமுறை 12ஆம் நிமிடம், மறுமுறை 31ஆம் நிமிடம் என்று அலைந்தால் குறை பிளேயரில். லென்ஸ் அழுக்கு, அல்லது ஹெட் ஓடும் தண்டவாளக் கம்பியில் கிரீஸ் காய்ந்திருக்கும். ஓட ஓடச் சூடேறி அரைமணி கழித்து மட்டும் உடைந்தாலும் பிளேயர்தான்.

குறை சிடியில் என்றால் அந்த நிமிடமே இடத்தையும் காட்டிக்கொடுக்கும். விசிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. நிகழ்ச்சி தொடங்கும் இடம் வட்டின் மையத்திலிருந்து சுமார் 25 மி.மீ.; 74 நிமிட வட்டில் முடியும் இடம் சுமார் 58 மி.மீ. வெளியே போகப்போகச் சுற்று பெரிதாவதால் சரிபாதி நேரமான 37ஆம் நிமிடம் பாதித் தூரத்தில் இருக்காது. மையத்திலிருந்து ஏறக்குறைய 45 மி.மீ. தள்ளி இருக்கும். 60ஆம் நிமிடம் 53 மி.மீ. பக்கம். ஸ்கேல் வைத்து அளந்து, அந்த வட்டத்தில் மட்டும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கைரேகையா, கீறலா, ஓட்டையா என்று தெரிந்துவிடும். முழு சிடியையும் தேய்க்கத் தேவையே இல்லை.

கைரேகை, அழுக்கு என்றால்: சாதாரணத் தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பருத்தித் துணி. மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். நம் எல்லோர் கையும் பழக்கத்தில் வட்டமாகத்தான் போகும், சட்டை நுனியால் சுற்றிச் சுற்றி. அது தவறு. சிடியின் பிழைதிருத்த முறை, தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மி.மீ. வரை தொடர்ச்சியாக அழிந்தாலும் திருத்திக்கொள்ளும். விளிம்பை நோக்கிப் போகும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் குறுக்கே ஒரு கணம்தான் வெட்டுகிறது. வட்டக் கீறலோ ஒரே தடத்தின் கூடவே ஓடி, திருத்தும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பார்ப்பதற்கு மெல்லியதாக இருக்கும், ஆனால் படம் நிற்கும்.

ஆழமான கீறலுக்குப் பற்பசை தேய்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் 1.2 மி.மீ. தடிமன், அதில் மேலோட்டமான கீறலை மெல்ல இழைத்தால் பலன் உண்டு, உண்மைதான். ஆனால் காப்பி எடுப்பதற்குமுன் அதைச் செய்யாதீர்கள். 90 சதவீதம் நன்றாக ஓடிய சிடி பற்பசைக்குப் பிறகு தொடங்கவே மறுக்கலாம். ஓடுகிற பகுதியை முதலில் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்திவிட்டு, பிறகு எதையும் முயலலாம்.

விசிடிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் படம் உடைகிறது என்று கேட்பவர்களுக்கு: 1993இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி சேர்ந்து வகுத்த விதிப்படி, சாதாரண டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தக் கவசத்தை வீடியோ பகுதியில் எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்தார்கள். ஒரு செக்டாரில் (சிடியில் தகவல் பிரித்து வைக்கப்படும் ஒரு துண்டு) 2,048 பைட்டுக்குப் பதில் 2,324 பைட். அதனால்தான் 650 எம்பி சிடியில் 738 எம்பி அளவுக்கு வீடியோ ஏறுகிறது. நல்ல பேரம் என்றே சொல்வேன். ஒரு கட்டம் தப்பினால் ஒரு நொடி படம் சிதறும், அவ்வளவுதான். டேட்டா கோப்பு என்றால் மொத்தமாகத் திறக்காமல் போயிருக்கும். அந்தச் சிதறலைப் பார்த்து சிடி செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள்.

கடைசிப் பத்து நிமிடம் மட்டும் ஓடுவதில்லை

விளிம்பு. கையில் பிடிப்பதும் உறையில் உரசுவதும் அங்கேதான். துடைத்தும் சரியாகவில்லை என்றால் சிடியை ஒரு கண்ணாடி மேசைமேல் வைத்து வளைவு இருக்கிறதா பாருங்கள். வெயில் படும் அலமாரியில் சாய்த்து வைத்தவை வளைந்திருக்கும். 80 நிமிடம் நிரப்பி ரைட் செய்த கல்யாண சிடிகளையும் பழைய பிளேயர்கள் கடைசியில் கைவிடும். அதே சிடி கம்ப்யூட்டர் டிரைவில் முழுசாக ஓடும்.

கம்பெனி சிடி ஓடுகிறது, ரைட் செய்தது ஓடவில்லை

ரைட் செய்த சிடியில் தகவல் இருப்பது சாயப் படலத்தில். வெயிலில் அது வெளுக்கும். அதைவிட அடிக்கடி நடப்பது, ஹெட் பலம் குறைந்து பளிச்சென்ற கம்பெனி சிடியை மட்டும் படிப்பது. இன்னொரு பிளேயரில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஆர்டபிள்யூ வகை (அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி) என்றால் அது வேறு கதை: சாதாரண சிடி ஒளியை 70 சதவீதம் திருப்பி அனுப்பும், ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான். பழைய விசிடி பிளேயர் அதைப் பார்க்கவே பார்க்காது. குறை யாருடையதும் அல்ல.

ரைட் செய்த சிடிகளில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். மேல்பக்கத்தில் பளபளப்புப் படலத்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரு பூச்சுதான் இருக்கிறது. ஸ்டிக்கரோடு படலமும் உரிந்து வரும். உரிந்த இடத்தில் படமும் போயிற்று.

வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிக் குத்துகள் தெரிகின்றன

மேல்பக்கம் அடிபட்டோ, பூச்சு வெடித்து ஈரம் இறங்கியோ அலுமினியம் அரித்திருக்கிறது. இதற்குச் சிகிச்சை கிடையாது. பற்பசையும் பாலிஷும் அடிப்பக்கத்துக்கு மட்டும். ஓரிரு குத்து இருந்தால் படம் ஒரு கணம் துள்ளிவிட்டுப் போய்விடும். விளிம்பிலிருந்து உள்நோக்கி மேகம்போல் பரவியிருந்தால் இன்றைக்கே காப்பி எடுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்துக்குமுன் ஒருமுறை எல்லா சிடிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியை ஒருவகைப் பூஞ்சை அரித்திருந்ததை 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நடுத்துளையைச் சுற்றி விரிசல்

கெட்டியான டப்பாவிலிருந்து நெம்பி எடுப்பதால் வருவது. இந்த சிடியைக் கம்ப்யூட்டரின் 52 எக்ஸ் டிரைவில் போடவே கூடாது. அங்கே நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுவரை போகும்; உள்ளேயே சுக்குநூறாகும். விசிடி பிளேயரில் 200 முதல் 500 சுற்றுதான். ஆகவே பிளேயரில் ஓட்டி, அதன் ஏவி வெளியீட்டிலிருந்து கேப்சர் கருவி வழியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தரம் ஒரு படி குறையும், ஆனால் நிகழ்ச்சி தப்பும்.

படம் கருப்பு வெள்ளையில் வருகிறது, அல்லது மேலும் கீழும் உருளுகிறது

ரிமோட்டில் பால்/என்டிஎஸ்சி (PAL/NTSC, இரண்டு வகை டிவி முறைகள்) பொத்தானை அழுத்துங்கள். நம் ஊர் சிடிகள் பால் முறையில் 352 x 288 புள்ளி, நொடிக்கு 25 படம். சில வெளிநாட்டு சிடிகள் 352 x 240இல் இருக்கும்.

இசை மட்டும் கேட்கிறது, பாடகர் குரல் இல்லை. அல்லது இரண்டு மொழி ஒன்றாகக் கேட்கிறது

கெட்டுப்போகவில்லை. விசிடியில் ஒலிக்கு இருப்பது இடம், வலம் என்று இரண்டே பாதை. கரோக்கி சிடியில் ஒரு பாதையில் வெறும் இசையும் மறுபாதையில் குரலோடு இசையும் வைப்பார்கள். ஹாங்காங் சிடிகளில் ஒரு பக்கம் கான்டனீஸ், மறுபக்கம் மாண்டரின். ரிமோட்டில் 'ஆடியோ' அல்லது 'எல்/ஆர்' பொத்தானை அழுத்தி வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏவி கேபிளில் சிவப்போ வெள்ளையோ ஒன்று கழன்றிருந்தாலும் இதே அறிகுறி வரும், முதலில் அதைப் பாருங்கள்.

எண்ணை அழுத்தினால் வேறு பாட்டு வருகிறது, தள்ளிவிடும் பொத்தான் வேலை செய்யவில்லை

பிபிசி (PBC, பிளேபேக் கண்ட்ரோல்) என்னும் மெனு வசதி ஆன் ஆகியிருக்கிறது. ரிமோட்டில் அணைத்துவிடுங்கள். பாடல் தொகுப்பு சிடிகளில் இது அடிக்கடி வரும்.

சிடி சுற்றுகிறது, நேரம் ஓடுகிறது, படம் மட்டும் இல்லை

எஸ்விசிடியாக (சூப்பர் விசிடி) இருக்கலாம். அதன் வீடியோ எம்பெக்-2. விசிடி பிளேயருக்கு எம்பெக்-1 மட்டும்தான் புரியும். டிவிடி பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

பெரிய டிவியில் நான்கு பக்கமும் கருப்பு, படம் நடுவில் தபால்தலை அளவு

சினிமாஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் அடக்கியபோதே மேலும் கீழும் கருப்புப் பட்டை சேர்ந்துவிட்டது. 288 வரிகளில் உண்மையான படம் கிட்டத்தட்ட 163 வரி. அகல டிவி அதைக் காட்டும்போது பக்கவாட்டிலும் பட்டை விழுகிறது. டிவியில் 'ஜூம்' வையுங்கள், 'ஸ்ட்ரெட்ச்' வேண்டாம். இழுத்துவிட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். என் அபிப்பிராயம் வேறு: 21 அங்குலப் பழைய பெட்டி டிவி ஒன்றை விசிடிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டுகள் அந்தத் திரைக்காகச் செய்யப்பட்டவை. அங்கே பார்க்கும்போது கட்டங்கள் மறைந்து, நிறம் கனிந்து, படம் அழகாகவே இருக்கிறது. இதை ஏக்கத்தால் சொல்லவில்லை. இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டரில் கோப்பு தெரிகிறது, ஆனால் திறக்கவோ காப்பி செய்யவோ முடியவில்லை

விசிடிக்குள் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரில் 'ஏவிசெக்' (AVSEQ) என்று தொடங்கி .dat என்று முடியும் கோப்புகள் இருக்கும். விண்டோஸில் அவற்றை நேராக விஎல்சி பிளேயருக்குள் இழுத்துப் போட்டால் பெரும்பாலும் ஓடும். லினக்ஸில் அந்தக் கோப்பைச் சாதாரணமாகக் காப்பி செய்யப் போனால் படிக்க முடியவில்லை என்றே வரும். சிடியில் கீறல் ஒன்றும் இராது. மேலே சொன்ன 2,324 பைட் செக்டார்தான் காரணம். சாதாரணக் காப்பி 2,048 பைட் கணக்கில்தான் கேட்கிறது. விசிடிஎக்ஸ்ரிப் என்ற இலவச நிரல் வீடியோவைச் சரியாக எடுத்துத் தரும். விண்டோஸில் கீறல் சிடிக்கு ஐசோபஸ்டர் நல்லது. படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடாமல், அதைத் தாண்டிப்போய் மீதியை எடுக்கும்.

சேகரிப்பாளர்கள் இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வட்டை ஐஎஸ்ஓ (முழு வட்டையும் ஒரே கோப்பாக்கும் வடிவம்) கோப்பாகச் சேமிக்காதீர்கள். ஐஎஸ்ஓ 2,048 பைட் கணக்கு. அதில் விசிடியின் வீடியோ முழுசாக உட்காராது. பின்/க்யூ (.bin, .cue என்ற இரட்டைக் கோப்பு) வடிவில் எடுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைய ஐஎஸ்ஓ எடுத்துவைத்துவிட்டு மூல சிடிகளைக் கொடுத்துவிட்டால், பிறகு திறந்து பார்க்கும்போது படம் இருக்காது.

எடுத்த காப்பி முழுசா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. விசிடியில் ஒரு நிமிடம் என்பது 4,500 செக்டார், அதாவது கம்ப்யூட்டர் காட்டும் அளவில் ஏறக்குறைய 10 எம்பி. பிளேயரில் 52 நிமிடம் காட்டிய சிடியின் கோப்பு 520 எம்பி பக்கம் இருக்க வேண்டும். 400 என்று வந்தால் நடுவில் அறுந்திருக்கிறது. வேறு டிரைவில், வேகத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொன்று படிக்கும். இரண்டு டிரைவில் எடுத்ததையும் வைத்துக்கொண்டு நல்ல பகுதிகளைச் சேர்த்துவிடலாம்.